பவழக்குன்றில் ஒரு தாய்க்குக் கிடைத்த பதில்

1898 டிசம்பர், கிறிஸ்துமஸ் விடுமுறை நாட்கள். அழகம்மாள் தம் மூத்த மகன் நாகசாமியை அழைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். கணவர் சுந்தரமய்யர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டாவது மகன் வேங்கடராமன் மதுரையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த 16 வயதில், 1896 ஆகஸ்ட் கடைசியில், யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டுப் போய்விட்டான். அவன் அண்ணாமலையின் கிழக்குப் பக்கத்துப் பவழக்குன்றில் இருப்பது தெரிந்துதான் தாய் வந்திருந்தார். சடை விழுந்த தலை, வெட்டாத நகம், கோவணம் ஒன்றே உடையாகப் பாறைமேல் கிடந்தவனை அவர் அடையாளம் கண்டுகொண்டார். வீட்டுக்கு வந்துவிடு என்று நாள்தோறும் வந்து கெஞ்சினார், அழுதார். பிள்ளை வாய் திறக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பச்சையப்ப பிள்ளை என்பவர் மனம் பொறுக்காமல், பேசாவிட்டாலும் எழுதியாவது காட்டுங்கள் என்று காகிதமும் பென்சிலும் கொடுத்தார். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த அந்த இளைஞர் சில வரிகள் எழுதிக் கொடுத்தார். அவரவர் வினைப்பயனுக்கு ஏற்ப இறைவன் ஆட்டுவிக்கிறான். நடக்காதது என்ன முயன்றாலும் நடக்காது. நடப்பது என்ன தடுத்தாலும் நிற்காது. ஆகவே சும்மா இருப்பதே நல்லது என்பது அவற்றின் சாரம். தாய் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

ஸ்டோயிக் தத்துவத்தைப் பற்றிப் பேச வந்த கட்டுரை இந்தச் சம்பவத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. உன் கையில் இருப்பதைக் கவனி, இல்லாததை விடு என்ற அறிவுரை இன்று புத்தகக் கடையிலும் கைபேசித் திரையிலும் நிரம்பிக் கிடக்கிறது. கிரேக்க, ரோமானியப் பெயர்களோடு அது வந்து சேரும்போது, தமிழ் வாசகர் பலர் அதைக் கேட்டவுடன் சொல்வது, இது நம் விதிக் கொள்கைதானே என்பது. சிலர் பெருமையோடு சொல்கிறார்கள், சிலர் சலிப்போடு. இரு சாராரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள் என்பது என் கருத்து. நம் கையில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்துப் பார்ப்பது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்கான உத்தரவு அன்று. அந்தப் பிரிவினையை உண்மையாகச் செய்தவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால், அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வேலை செய்திருக்கிறார்கள். பவழக்குன்றுக் காகிதம் முதல் பார்வையில் இதற்கு நேர்மாறாகத் தோன்றும். எனவே அதை எழுதியவரையே சாட்சியாக அழைப்பதுதான் நியாயம்.

முதலில் ஸ்டோயிக் பக்கத்து ஆளைச் சந்தித்துவிடலாம். ஸ்டோயிக் மரபு கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸ் நகரத்தில் தோன்றியது. சைப்ரஸ் தீவின் கிட்டியம் ஊரைச் சேர்ந்த ஜீனோ, ஓவியங்கள் தீட்டிய ஒரு பொது மண்டபத்தில் பாடம் நடத்தினார். அந்த மண்டபத்தின் பெயரே மரபின் பெயராயிற்று. ஆனால் இன்று நாம் பேசும் பிரிவினையைக் கூர்மையாகச் சொன்னவர் அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தி வந்த எபிக்டீடஸ். இன்றைய துருக்கியில் உள்ள ஹியராபொலிஸ் நகரில் பிறந்தவர். ரோமில் அடிமையாக இருந்தவர். அவருடைய எஜமான் எபஃப்ரோடிடஸ், நீரோ மன்னனின் அரண்மனையில் செல்வாக்கோடு இருந்தவன். எபிக்டீடஸுக்கு ஒரு கால் ஊனம். விடுதலை கிடைத்துத் தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தபோது, டொமிஷியன் மன்னன் தத்துவவாதிகளை ரோமைவிட்டுத் துரத்தினான். கிரேக்கத்தின் நிக்கோபொலிஸுக்குப் போய் அங்கே பள்ளி நடத்தினார். தம் கையால் அவர் நூல் எதுவும் எழுதவில்லை. மாணவர் அரியன் குறித்துவைத்த உரைகளில் எஞ்சியவையும், அவற்றிலிருந்து திரட்டிய ஒரு சிறு கையேடும்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. தம் உடம்புகூடத் தமக்குச் சொந்தமில்லாத நிலையில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர், எது உண்மையில் என்னுடையது என்று கேட்டதில் வியப்பில்லை.

கையேட்டின் தொடக்கத்திலேயே அவர் கோடு கிழித்துவிடுகிறார். ஒன்றை நல்லது கெட்டது என்று மதிப்பிடுவது, ஒன்றை நோக்கி முனைவது, விரும்புவது, வெறுத்து ஒதுக்குவது ஆகியவை நம்மைச் சார்ந்தவை. உடல், உடைமை, பேர், பதவி ஆகியவை நம்மைச் சார்ந்தவை அல்ல. இந்தப் பட்டியலைச் சற்று நின்று படிக்க வேண்டும். இன்றைய தன்முன்னேற்ற நூல்கள் உடல்நலத்தையும் உழைப்பால் வரும் வெற்றியையும் நம் கட்டுப்பாட்டுக்குள் வைத்துப் பேசும். எபிக்டீடஸ் அவற்றைத் தயங்காமல் மறுபக்கம் தள்ளுகிறார். எவ்வளவு ஒழுங்காக உண்டாலும் காய்ச்சல் வரலாம். எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் ஊர் தூற்றலாம். அப்படியானால் உடம்பைப் பேண வேண்டாமா? பேண வேண்டும் என்பதே ஸ்டோயிக்குகளின் பதில். இதை விளக்க அவர்கள் வில்லாளியைக் காட்டியதை ரோமானியப் பேச்சாளர் சிசரோ பதிவு செய்திருக்கிறார். அம்பை நேராக எய்வதற்கு வேண்டிய எல்லாவற்றையும் செய்வது வில்லாளியின் வேலை. அம்பு பறந்த பிறகு காற்று வீசலாம், இலக்கு நகரலாம். குறியைத் தொடுவது விரும்பத்தக்கது. ஆனால் அவன் திறமையை அளப்பது எய்த விதத்தை வைத்துத்தான்.

இதற்கு எதிராக வரும் பழைய கேள்வி ஒன்று, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டது. ஸ்டோயிக்குகளும் விதியை நம்பியவர்கள். உலகில் ஒவ்வொன்றும் காரண காரியச் சங்கிலியில் கட்டுண்டது என்றார்கள். அதைப் பிடித்துக்கொண்டு எதிரணியினர் மடக்கினார்கள்: நோய் குணமாக வேண்டும் என்று விதி இருந்தால் மருத்துவரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் குணமாகும், சாக வேண்டும் என்று இருந்தால் அழைத்தும் பயனில்லை, பிறகு எதற்கு மருத்துவர்? சோம்பல் வாதம் என்றே இதற்குப் பெயர் வந்துவிட்டது. ஜீனோவில் தொடங்கிய அந்த மரபின் மூன்றாவது தலைவராக இருந்த கிரிசிப்பஸ் கொடுத்த விடை எனக்கு இன்றும் அசைக்க முடியாததாகப் படுகிறது. முடிவு தனியாக விதிக்கப்படுவதில்லை; அந்த முடிவுக்குப் போகும் வழியும் சேர்ந்தேதான் விதிக்கப்படுகிறது. நீ குணமாவது எழுதப்பட்டிருந்தால், நீ மருத்துவரை அழைப்பதும் அதோடு எழுதப்பட்டிருக்கிறது. மருத்துவரைக் கூப்பிடாமல் இருந்துகொண்டு விதியைக் காரணம் காட்டுபவன் விதிக்கு வெளியே நின்று அதைப் படித்துவிட்டவன்போலப் பேசுகிறான். அப்படிப் படிக்க யாருக்கும் இடம் இல்லை.

தமிழர்களுக்கு இந்த விவாதம் புதிதல்ல. திருக்குறளின் 38ஆம் அதிகாரம் ஊழைப் பற்றியது. ஊழைவிட வலியது வேறு என்ன இருக்கிறது என்ற பொருளில் அது முடிகிறது. 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. தளராமல் முயல்பவர்கள் ஊழையே தோற்றோடச் செய்வார்கள் என்ற பொருளில் அது முடிகிறது. வள்ளுவர் தமக்குத் தாமே முரண்பட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. ஒன்று சமணக் கருத்து, மற்றது உலகியல் கருத்து என்று கூறுபோடுபவர்களும் உண்டு. என் வாசிப்பில் இரண்டும் இரண்டு வேறு நேரங்களுக்கு உரியவை. நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்க்கும்போது ஊழ் என்ற சொல் உதவும்; தன்னையும் பிறரையும் வதைத்துக்கொள்ளாமல் காப்பாற்றும். நடக்க இருப்பதை எதிர்நோக்கும்போது அதே சொல்லை எடுத்தால் அது சோம்பல் வாதமாகிவிடும். அந்த இடத்துக்கு உரியது 62ஆம் அதிகாரம்.

இனி பவழக்குன்றுக்குத் திரும்பலாம். என்ன முயன்றாலும் நடக்காதது நடக்காது என்று எழுதியவர் அதற்குப் பிறகு 51 ஆண்டுகளுக்கு மேல் அதே மலையடியில் வாழ்ந்தார். அந்த ஆண்டுகள் அவருடைய வரிகளுக்கான உரை. 1914இல் அழகம்மாள் மகனைப் பார்க்க மீண்டும் வந்தார். மகன் அப்போது வசித்துவந்த விரூபாட்ச குகையில் தங்கியிருந்தபோது அவருக்குக் கடும் காய்ச்சல் கண்டது. நினைவு தப்பிப் பிதற்றினார். எல்லாம் வினைப்படி நடக்கும் என்று தாயிடமே எழுதிக் கொடுத்த மகன் அப்போது என்ன செய்தார்? பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தார். அதோடு, தாயின் காய்ச்சலைத் தணித்தருள வேண்டும் என்று அருணாசலேசுவரரை வேண்டி நான்கு பாடல்கள் இயற்றினார். தாய் பிழைத்தார். பாடலால் பிழைத்தாரா, பணிவிடையால் பிழைத்தாரா, இரண்டும் இல்லாமலே பிழைத்திருப்பாரா என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். நடக்க இருப்பதைத் தடுக்க முடியாது என்று நம்பிய ஒருவர், வேண்டுதலையும் பணிவிடையையும் கைவிடவில்லை என்பதே நமக்கு வேண்டிய செய்தி. அந்த நம்பிக்கையும் அந்தச் செயலும் அவருக்குள் மோதிக்கொள்ளவில்லை. கிரிசிப்பஸ் வாதத்தால் நிறுவியதை ரமணர் நடத்தையால் காட்டினார்.

விரூபாட்ச குகைக் காலத்திலேயே இன்னொரு நிகழ்ச்சி. கார்த்திகைத் திருவிழாவின்போது குகைக்கு வருபவர்களிடம் அதற்கு உரிமையுள்ள மடம் காசு வாங்குவது வழக்கம். ரமணரைப் பார்க்கக் கூட்டம் பெருகியதும் மற்ற நாட்களிலும் வசூல் தொடங்கியது. ஏழைகள் திரும்பிப் போக நேர்ந்தது. அவர் மடத்தோடு சண்டைக்குப் போகவில்லை. இதுவும் விதி என்று பேசாமலும் இருக்கவில்லை. குகையைவிட்டு வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அருகில் இருந்த சத்குருசாமி குகைக்குப் போய்விட்டார். விரூபாட்ச குகைக்கு வர ஆள் இல்லாமல் போனது. வசூல் நின்றது, அவரும் திரும்பி வந்தார். மடத்தின் முடிவு அவர் கையில் இல்லை. தாம் எங்கே உட்காருவது என்பது அவர் கையில் இருந்தது. அதை மட்டும் செய்தார். அதுவே போதுமானதாக இருந்தது. கையில் உள்ளது மிகச் சிறியது என்று நாம் அலட்சியமாக விட்டுவிடும் இடத்தில் எவ்வளவு வலிமை ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1924 ஜூன் 26 இரவு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்த தாயின் சமாதியைச் சுற்றி அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த ஆசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். உள்ளே வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரமணர் சொல்லியும் அவர்கள் அடித்தார்கள். அவருக்குத் தொடையில் அடி விழுந்தது. இன்னொரு காலிலும் அடிக்க வேண்டுமானால் அடியுங்கள் என்றார். இரும்புக் கம்பியோடு பாய்ந்த சீடரைத் தடுத்து, பொறுமைதான் நம் தர்மம், அவர்கள் அவர்களுடைய வழியில் போகட்டும் என்ற கருத்தில் பேசினார். இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதே இரவில் சீடர் குஞ்சுசாமி உதவி தேடி ஊருக்குள் போனார், காவல்துறையினர் வந்தார்கள், பின்னர் திருடர்கள் பிடிபட்டார்கள் என்ற பகுதியையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வெறுப்பு இல்லாமல் இருப்பது தம் வேலை, புகார் கொடுப்பதும் விசாரிப்பதும் பிறர் வேலை என்று அவர் விட்டுவிட்டார். ஆசிரமத்தின் நிர்வாக உரிமை பற்றி வழக்கு வந்தபோதும் இதே போக்குத்தான். 1938இல் சட்டப்படி உயில் எழுதி, தமக்குப் பின் யார் பொறுப்பு என்பதைத் தெளிவாக்கினார். எதுவும் தம்முடையதில்லை என்று வாழ்ந்தவர், தம்மை நம்பி வந்தவர்களுக்காக உயில் எழுதிவைத்தார்.

ஆனாலும் எபிக்டீடஸும் ரமணரும் ஒன்றையே சொன்னார்கள் என்று முடித்துவிட்டால் இருவருக்குமே அநீதி. எபிக்டீடஸ் உலகம் முழுவதையும் விட்டுக்கொடுத்துவிட்டு ஒரு சிறு கோட்டையைக் காப்பாற்றுகிறார். தேர்ந்தெடுக்கும் என் மனம் என்னுடையது, மன்னனாலும் அதைத் தொட முடியாது என்கிறார். ரமணர் அந்தக் கோட்டைக்குள்ளும் நுழைந்து, என்னுடையது என்று சொல்லும் அந்த நான் யார் என்று கேட்கிறார். கோடைப் பகல் ஒன்றில் அன்பர் தேவராஜ முதலியார் கையில் விசிறியோடு ரமணர் எதிரே உட்கார்ந்திருந்தார். வாழ்வின் பெரிய நிகழ்ச்சிகள் விதிக்கப்பட்டவை என்பது புரிகிறது, இந்த விசிறியை நான் கீழே வைப்பதுகூட முன்பே தீர்மானிக்கப்பட்டதா என்று கேட்டார். ஆம் என்றே பதில் வந்தது. உடம்புக்கு நேர்வதெல்லாம் தீர்மானமானவை, உடம்பே நான் என்று எண்ணாமல் இருப்பதில்தான் சுதந்திரம் என்பது அதன் கருத்து. இது ஸ்டோயிக் எல்லையைத் தாண்டிய இடம். சராசரி வாசகருக்கு இங்கே தலை சுற்றுவது இயல்பு. ஆனால் முயற்சி வேண்டாமா என்று நேரடியாகக் கேட்டவர்களுக்கு, நான் செய்கிறேன் என்ற எண்ணம் இருக்கும்வரை முயற்சி செய்துதான் ஆக வேண்டும் என்றே அவர் பலமுறை சொன்னார். அந்த எண்ணம் போய்விட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? போகாதவர்களுக்கு எபிக்டீடஸின் கோடுதான் தொடங்கும் இடம். ரமணரின் முடிவை எடுத்துக்கொண்டு முயற்சியை முதலிலேயே விட்டுவிடுபவர், இருவரில் எவரையும் பின்பற்றவில்லை.

இன்னொரு எதிர்ப்பு கூடுதல் வலிமை உடையது. இந்தத் தத்துவம் ஈரமற்றது என்பது அது. எபிக்டீடஸ், குழந்தையை முத்தமிடும்போதும் இது ஒருநாள் இறந்துபோகும் உயிர் என்று நினைத்துக்கொள் என்றார். ரமணர், அழுது நின்ற தாய்க்கு ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். இவற்றை மட்டும் பார்த்தால் குற்றச்சாட்டு சரி என்றுதான் தோன்றும். பவழக்குன்றில் அந்தத் தாயின் வலியைச் சின்னதாக்கிப் பேச எனக்கு மனம் வரவில்லை. அவர் அப்போது கேட்டு வந்தது வேதாந்தம் அல்ல. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1916இல் அழகம்மாள் மலைக்கே வந்து மகனோடு தங்கிவிட்டார். அவர்கள் பின்னர் குடியேறிய கந்தாசிரமத்தில் அடுப்பு எரிந்தது. அவர் சமைத்துப் போட்டார். 1922 மே 19 அன்று அவருக்கு உயிர் பிரியும் நேரம் நெருங்கியபோது, ரமணர் ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் மற்றொரு கையைத் தலையிலும் வைத்தபடி, இரவு உயிர் அடங்கும்வரை மணிக்கணக்காக அருகிலேயே இருந்தார். எபிக்டீடஸைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. நெடுங்காலம் தனியாக வாழ்ந்த அவர், முதிய வயதில், கைவிடப்பட இருந்த நண்பரின் குழந்தையைத் தம்மிடம் வாங்கி வளர்த்தார் என்று பிற்கால உரையாசிரியர் சிம்ப்ளிசியஸ் எழுதியிருக்கிறார். இழப்பு நேரும் என்பதை மறைக்காமல் தெரிந்துகொண்டு ஒரு குழந்தையை எடுத்து வளர்ப்பவரின் அன்பை நான் வறட்சி என்று சொல்லமாட்டேன்.

இந்தப் பிரிவினையால் அன்றாட வாழ்வில் பயன் உண்டா என்பதற்கு மனநல மருத்துவமே சாட்சி சொல்கிறது. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அறிவுசார் உளசிகிச்சை முறைகளை வகுத்த ஆல்பர்ட் எல்லிஸ், ஆரன் பெக் இருவரும் தங்கள் அடிப்படைக் கருத்துக்கு ஸ்டோயிக்குகளுக்குக் கடன்பட்டிருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர்கள். நிகழ்ச்சியைவிட, அதைப் பற்றி நாம் கொள்ளும் தீர்ப்பே நம்மை அதிகம் வதைக்கிறது என்பது அந்தக் கருத்து. தேர்வு முடிவு வரும் நாளில் தமிழ்நாட்டு வீடுகளில் நடப்பதை நினைத்தால் இதன் அவசரம் புரியும். மதிப்பெண் மாணவரின் கையில் முழுமையாக இல்லை. கேள்வித்தாளும் கட் ஆஃப்பும் இட எண்ணிக்கையும் அவர் தீர்மானிப்பவை அல்ல. படித்த விதம் அவருடையது. இந்த வேறுபாட்டைத் தேர்வுக்கு முன்பே, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்ட வீட்டில், குறைந்த மதிப்பெண் வருத்தத்தைத் தரும். வாழ்வே முடிந்தது என்ற தீர்ப்பைத் தராது.

மிகக் கடுமையான எதிர்ப்பைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். உன் கையில் இல்லாததை ஏற்றுக்கொள் என்று யார் யாரிடம் சொல்கிறார்கள்? எபிக்டீடஸ் அடிமையாக இருந்தவர். அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி அவர் போராடவில்லை. கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட மார்கஸ் அரேலியஸ் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட குறிப்புகள் நெஞ்சைத் தொடுபவை. அவருடைய ஆட்சியிலும் அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள். இன்று அளவுக்கு மீறி வேலை வாங்கும் நிறுவனம், ஊழியர்களுக்கு மன அமைதிப் பயிற்சி வகுப்பு நடத்தி, உங்கள் மனநிலையை மட்டும் கவனியுங்கள் என்கிறது. இது நியாயமான கோபம். என் பதில் இதுதான்: இந்தக் கோடு ஒருவர் தனக்குத் தானே போட்டுக்கொள்ள வேண்டியது. அடுத்தவருக்காக, அதுவும் நம்மைவிட வலிமை குறைந்தவருக்காக, நாம் போடும்போது அது தத்துவமாக இருப்பதை விட்டுவிட்டு அதிகாரமாகிவிடுகிறது. ஸ்டோயிக் நூல்களில் இந்த எச்சரிக்கை போதுமான அளவுக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தனி மனிதரின் கையை அவர்கள் நுட்பமாக அளந்தார்கள். பலர் சேர்ந்தால் கை நீளும், கோடு நகரும் என்பதை அவ்வளவாக எண்ணிப் பார்க்கவில்லை.

திருவண்ணாமலையே இதற்குச் சான்று. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில், மலையடிவாரத்தில் வ.உ.சி. நகர்ப் பகுதியில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்தக் குடும்பத்தாரைப் பார்த்து விதி என்று சொன்ன குரல்கள் ஆறுதலாகச் சொல்லப்பட்டவையாகவே இருக்கட்டும். அழுபவருக்கு அது ஓரளவு தாங்கும் பலத்தைக் கொடுத்திருக்கலாம். ஆனால் அதே சொல் அலுவலகத்து மேசையில் பதிலாக வரக்கூடாது. புயல் எங்கே கரையைக் கடக்கும் என்பது யார் கையிலும் இல்லை. சரிவுக்கு எவ்வளவு அருகில் வீடு எழலாம், மலையில் இருந்து வரும் ஓடைகளை யார் அடைக்கிறார்கள், மழை எச்சரிக்கை வந்தவுடன் அடிவாரத்து மக்களை எந்த மண்டபத்துக்கு மாற்றுவது ஆகியவை மனிதர் கையில் உள்ளவை. வேறு இடத்தில் வாடகை கொடுக்க முடியாமல் சரிவின் ஓரத்தில் குடியேறிய ஏழையின் கையில் அவை இல்லாமல் இருக்கலாம். ஊரின் கையிலும் அரசின் கையிலும் இருக்கின்றன. அந்தச் சரிவுக்குப் பிறகு வந்த கார்த்திகை தீபம் டிசம்பர் 13 அன்று. வல்லுநர்கள் மலையை ஆய்வு செய்த பின், பக்தர்கள் மேலே ஏற அந்த ஆண்டு அனுமதி தரப்படவில்லை. கொப்பரையும் நெய்யும் கொண்டுசெல்ல வேண்டியவர்கள் போனார்கள், தீபம் ஏறியது. பெருங்கூட்டம் கூடும் நாளில், நெடுங்கால வழக்கத்தையும் மீறி எடுக்க முடிந்த முடிவு அது. மண் சரியும் அபாயம் கையில் இல்லை, ஆளை ஏற்றாமல் இருப்பது கையில் உண்டு என்ற தெளிவு அதில் இருந்தது. அந்தத் தெளிவை டிசம்பர் 1க்கு முன்பே காட்டியிருக்க முடியும் என்பதுதான் வேதனை.

மலையின் மரங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வெட்டும் தீயும் மேய்ச்சலுமாக அண்ணாமலை பல்லாண்டுகள் மொட்டைப் பாறையாகவே நின்றது. 1980களின் பிற்பகுதியில் இருந்து ஆசிரமங்களைச் சார்ந்தவர்களும் உள்ளூர் மக்களும் தன்னார்வ அமைப்புகளும் கன்றுகளை நட்டு வருகிறார்கள். மழை பொய்த்த ஆண்டுகள் உண்டு. கோடைத் தீயில் பல ஆண்டு உழைப்பு கருகிய நாட்களும் உண்டு. அவர்கள் கோடைக்கு முன் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். புகை தெரிந்தால் தண்ணீரும் தழையுமாக ஏறி ஓடுகிறார்கள். மழைக்குள் மறுபடி குழி எடுக்கிறார்கள். மலையின் சில பக்கங்களில் இன்று தெரியும் பச்சை அந்தக் கைகளால் வந்தது. சரிவில் வேர் பிடித்த மரம் மண்ணை ஓரளவுக்குத்தான் தாங்கும். பெரும் பாறை உருண்டால் அதைத் தடுக்காது. ஆகவே நடுபவர்களின் வேலையோடு வருவாய்த்துறையின் வேலையும் உள்ளாட்சியின் வேலையும் சேர வேண்டும். மலை ஆக்கிரமிப்பு பற்றிய வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன்னால், சரிவை ஒட்டிய வீடுகளில் யார் யார் குடியிருக்கிறார்கள், அவர்களுக்கு மாற்று மனை எங்கே, எந்த அளவு மழை பெய்தால் எத்தனை மணிக்குள் அவர்களை வெளியேற்றுவது என்று எழுதிவைத்த பட்டியல் ஊர் மக்கள் பார்க்கும் இடத்தில் தொங்க வேண்டும். அதைக் கேட்பது வ.உ.சி. நகரில் இருப்பவர்களின் உரிமை. அவர்களோடு சேர்ந்து கேட்பது கிரிவலம் வரும் ஒவ்வொருவராலும் முடிந்த காரியம்.